அப்பா அம்மா முதல்முறையாக பெங்களூரு வருகிறார்கள், எனக்கு லீவு கிடைக்காது: என்ன செய்யலாம்?

கரிசல்பூ:
எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்ததும் அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள். பெங்களூரு அவர்களுக்குப் புதுசு. அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்த் தங்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. இந்தத் தடவை சித்தப்பா மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதால் கிளம்ப மனசு வந்திருக்கிறது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி என்னைப் படிக்க வைத்தவர். ரெண்டு வாரம் போல இருப்பார்கள்.

நான் ஹூடியில் ஒரு ரெண்டு பெட்ரூம் வீட்டில் ஹூப்ளிக்காரத் தோழியோடு சேர்ந்து இருக்கிறேன். கம்பெனிக்கு அமெரிக்க வாடிக்கையாளர், அதனால் மதியம் 2 மணிக்கு ஆரம்பித்து ராத்திரி 11 வரை ஷிப்ட். கேப் வீட்டில் இறக்கிவிடும்போது பன்னிரண்டை நெருங்கிவிடும். வாரத்தில் ரெண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. ஜனவரி கடைசியில் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கிறது, டீமில் யாருக்குமே லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மதியத்திலிருந்து நடுராத்திரி வரை மூணாவது மாடியில் ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே என்று நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மார்ச்சுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லலாம்தான். ஆனால் அப்பா ஒருதரம் மனசு மாறினால் அப்புறம் கடையை விட்டு நகரமாட்டார். இதே நிலைமையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

தனிவழி:
லீவு போடுங்கள் தோழி. வேறு யோசனையே வேண்டாம். ரிலீஸ் தள்ளிப்போனால் இன்னொரு தேதி குறிப்பார்கள். அப்பா அம்மாவின் வயசை அப்படித் தள்ளிவைக்க முடியாது. முழு ரெண்டு வாரம் கேட்டால்தான் மேனேஜர் முகம் சுளிப்பார். வந்து இறங்கும் நாளும் அடுத்த நாளும் மட்டும் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். ஆயுசு முழுக்கக் கடையைப் பூட்டாத மனுஷர் உங்களுக்காகப் பூட்டிவிட்டு வருகிறார். நீங்கள் ரெண்டு நாள் லேப்டாப்பை மூடக் கூடாதா?

ஹலசூர்வாசி:
பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். லீவு விஷயம் உங்கள் முடிவு. நான் ஊர் விஷயத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் ஹூடியில் இருப்பது பெரிய வசதி. 2023 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த துண்டு திறந்ததிலிருந்து மெட்ரோவின் ஊதாத் தடம் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் நேராக ஓடுகிறது. ஹூடியில் ஏறினால் எட்டாவது ஸ்டேஷன் ஹலசூரு. வண்டி மாற வேண்டியதே இல்லை. அப்பாவைக் காலையில் ஒருதரம் நீங்களே கூட்டிப்போய் ஏறுவது, இறங்குவது, எந்தப் பக்க வாசலில் வெளியே வருவது எல்லாம் காட்டிவிடுங்கள். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு வாங்கி ரீசார்ஜ் பண்ணிக் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்த நாளிலிருந்து அவரே போய்வருவார்.

ஹலசூரில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் சோமேஸ்வரர் கோயில். பழைய கோயில், நல்ல கல் மண்டபம், வெயில் நேரத்தில் உட்கார இதமாக இருக்கும். பஜார் தெருவில் பூக்காரரிலிருந்து பாத்திரக்கடைக்காரர் வரை பாதிப்பேர் தமிழ் பேசுவார்கள். ஒரு ஆட்டோ பிடித்தால் ஏரிக்கரை. அங்கேதான் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-இலிருந்து பதினெட்டு வருஷம் சாக்கும் தகரமுமாக மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை. பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையை அதே வாரத்தில் திறந்தார்கள். உங்கள் அப்பா வயசுக்காரர்களுக்கு அந்தக் காலத்துச் செய்தியெல்லாம் நினைவிருக்கும். தமிழ்ச் சங்கமும் அந்த ஏரிப் பக்கம்தான், நூலகம் உண்டு. பேப்பர் படிக்கிற மனுஷர் என்றால் சாயங்காலம் வரை அங்கேயே இருந்துவிடுவார்.

இன்னொன்று. உங்கள் ஊரில் அம்மாமார்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்காமல் பழகிவிட்டது. இங்கேயும் 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். கண்டக்டர் ஆதார் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கச் சொல்வார். முன்னாலேயே சொல்லிவிட்டால் அம்மா சங்கடப்பட மாட்டார்.

ஓய்வாசிரியர்:
அம்மா கரிசல்பூ, நான் புதுக்கோட்டைப் பக்கம். என் மகன் பெல்லந்தூரில் இருக்கிறான். பெற்றவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். தம்பி தனிவழி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாங்கள் முதலில் வந்தபோது பையன் லீவு போட்டான். மைசூரு அரண்மனை, நந்தி மலை, வணிக வளாகம் என்று ஓயாமல் சுற்றிக் காட்டினான். ஊருக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்கள் "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்கள். போட்டோவெல்லாம் காட்டினோம். ஆனால் அவன் ராத்திரி எங்கே சாப்பிடுகிறான், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவான் என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அடுத்த தடவை அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போதுதான் எல்லாம் தெரிந்தது. தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் என்னைப் பார்த்ததுமே, "அந்த ஒல்லித் தம்பியோட அப்பாவா?" என்று கேட்டார், முகஜாடை அப்படி. பையன் வெளியூர் போகும்போது சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறான் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மளிகைக்கடையில் அவன் பேரில் கணக்கு ஓடுகிறது. மாடி வீட்டு அம்மாள் யுகாதிக்கு ஒப்பட்டு (நம் போளிதான்) கொடுத்து அனுப்புகிறார். ஒரு நாள் அவன் வீட்டிலிருந்து வேலை பார்த்தான். நான் அதே அறையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்முனையில் ஒருத்தர் கத்துகிறார், என் காதுக்கே கேட்கிறது. இவன் குரல் ஏறவே இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் அந்த ஆளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனை வைத்தான். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகளை மேய்த்தவன் நான். அந்தப் பொறுமை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நீ லீவு போட்டால் அவர்கள் விருந்தாளி. போடாவிட்டால் உன் வீட்டு மனிதர்கள். அவர்கள் வருவது உன்னைப் பார்க்க. நீ எப்படிப் பிழைக்கிறாய் என்று பார்க்க. அதை மறைத்துவிட்டு லால்பாக்கை மட்டும் காட்டாதே அம்மா.

தனிவழி:
கோபமெல்லாம் இல்லை ஐயா. ஆனால் உங்களுக்குத் தனியாக வெளியே போகத் தைரியம் இருந்தது, பாஷையும் சமாளிக்கத் தெரிந்தது. எல்லா அப்பாக்களும் அப்படி இல்லை. பாஷை தெரியாத ஊரில் பகல் பூராவும் அடைந்து கிடந்துவிட்டு, மூணாம் நாளே ஊருக்குக் கிளம்புகிறேன் என்று நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹலசூர்வாசி:
தம்பி சொல்வதும் நடக்கிறதுதான். அதற்குத்தான் முதல் ரெண்டு நாளைக்குக் காலையில் கூடவே நடந்து பழக்கிவிடச் சொல்கிறேன். கோவில்பட்டியில் கடை நடத்துகிறவருக்குப் பேச்சு வராமல் போகாது. "எஷ்டு?" (எவ்வளவு?), "சாகு" (போதும்), "பேடா" (வேண்டாம்) மூணும் தெரிந்தால் காய்கறி வாங்கிவிடலாம். கன்னடத்தில் ரெண்டு வார்த்தை பேசினால் இங்கே முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

வாட்ச்மேனிடமும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிடுங்கள். இப்போது கேட்டில் எல்லாம் ஆப்தான், வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உங்கள் போனுக்கு அனுமதி கேட்கும். நீங்கள் மீட்டிங்கில் இருந்தால் அப்பா வாசலிலேயே நிற்பார். தங்கும் விருந்தினர் என்று நாள் கணக்கில் முன்கூட்டியே பதிய வழி இருக்கும். அதைச் செய்துவிடுங்கள்.

சேலத்து அக்கா:
எல்லாரும் அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். அம்மாவை யார் பார்ப்பது?

எங்கள் அபார்ட்மென்ட்டில் நான் பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வருகிறார் என்றதும் சமையல்கார அம்மாவை ரெண்டு வாரம் வராதே என்று நிறுத்திவிடுகிறார்கள். வந்த அம்மா காலை ஆறு மணிக்கு அடுப்படிக்குள் போனால் ராத்திரிதான் வெளியே வருகிறார். பிள்ளைக்குக் கையால் சமைத்துப் போடுவது அவர்களுக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிய கை அது. சமையலுக்கு ஆள் வைத்திருந்தால் நிறுத்தாதே. அம்மா ஆசைப்பட்டதை ஒரு வேளை செய்யட்டும், மற்றது வழக்கம்போல நடக்கட்டும்.

அப்புறம் மாவு. இதைச் சொல்லியே ஆக வேண்டும். கோவில்பட்டி வெயிலில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பாத்திரம் நிரம்பி வழியும். இந்த ஊர் தொள்ளாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது, ஜனவரி ராத்திரிக் குளிரில் மாவு அப்படியே கல் மாதிரி கிடக்கும். அம்மா காலையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தன் கைப்பக்குவமே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். என் மாமியார் ஒரு முழு நாள் வருத்தப்பட்டார். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையாலேயே கரைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி அலமாரிக்குள் வைக்கச் சொல். உளுந்தோடு கொஞ்சம் வெந்தயமும் ஊறப்போடட்டும். சாயங்காலமே அரைத்துவிட வேண்டும், படுக்கப்போகும்போது அரைத்தால் நேரம் போதாது.

கரிசல்பூ:
அக்கா, மாவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கடை மாவு வாங்கியே பழகிவிட்டது. சமையலுக்கு ஒரு அம்மா வருகிறார், நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். இனி நிறுத்தவில்லை.

தோழியிடம் பேசிவிட்டேன். அவளுக்குச் சந்தோஷம்தான், ஹாலில் தான் படுத்துக்கொள்கிறேன், அறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லி, என் அறையை அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு அவள் அறையில் படுக்கிறேன். அவள் சைவம் என்பதால் கருவாடு மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று.

வடிவு:
நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன்: அப்பா அம்மா யாருக்காவது சுகர் இருக்கிறதா?

கரிசல்பூ:
அம்மாவுக்கு இருக்கிறது. மாத்திரைதான், ஊசி இல்லை. அப்பாவுக்கு பிரஷர்.

வடிவு:
அப்படியென்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் வருவது ராத்திரி பன்னிரண்டு. உங்கள் அம்மா மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டு, "பிள்ளை வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று காத்திருப்பார். அம்மாக்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். சில சுகர் மாத்திரைகள் சாப்பாடு போனாலும் போகாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். பத்து மணிவாக்கில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தலை சுற்றும். பக்கத்தில் இருப்பவருக்கு என்ன என்றே புரியாது. இப்படி வந்த அம்மாக்களை அவசரப் பிரிவில் நான் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பிள்ளை வீட்டுக்கு வந்த இடத்தில்தான்.

எட்டு மணிக்குள் அவர்கள் சாப்பிட்டாக வேண்டும். எட்டு மணிக்கு நீங்கள் ஆபீஸில் இடைவேளை எடுத்துக்கொண்டு வீடியோவில் கூப்பிடுங்கள், நீங்களும் அப்போதே சாப்பிடுங்கள். சேர்ந்து சாப்பிட்ட மாதிரியும் இருக்கும், அவரும் சாக்குச் சொல்ல முடியாது. உடம்பு படபடப்பாக இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீரோ பழச்சாறோ உடனே குடிக்க வேண்டும் என்று அப்பாவிடமும் சொல்லிவையுங்கள். மாத்திரைச் சீட்டையும் பட்டையையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வந்து சேரும்வரை அவர்கள் தூங்கமாட்டார்கள், அதை மாற்ற முடியாது. கேப் எங்கே வருகிறது என்று லொகேஷனை அப்பா போனுக்கு அனுப்பிவிட்டால் பால்கனிக் குளிரில் நிற்காமல் கட்டிலிலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

போளூரான்:
நான் ஐடி இல்லை. டைல்ஸ் வேலை. எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பாதிச் சனம் பெங்களூருக்குத்தான் வேலைக்கு வருகிறோம். கே.ஆர்.புரத்தில் ஒரே ரூமில் நாங்கள் நாலு பேர். அப்பா அம்மா வந்தால் தங்கவைக்க இடம் இல்லை. மேஸ்திரி வீட்டில் ஒரு அறை கொடுத்தார், அதில் இருந்தார்கள்.

எனக்கு லீவு என்றால் சம்பளம் கிடையாது. அதனால் வேலை நடக்கும் இடத்துக்கே கூட்டிப்போனேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய வீடு, ஓனர் அன்றைக்கு இல்லை, இன்ஜினியரிடம் கேட்டுக்கொண்டேன். ஹால் முழுக்க நான்தான் போட்டிருந்தேன், நாலடிக்கு ரெண்டடி டைல். அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். குனிந்து ரெண்டு டைல் சேரும் இடத்தில் விரலை வைத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் தட்டவில்லை. அவர் ஏர் ஓட்டுகிறவர், சால் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற கண்ணு. எழுந்து, "மூலையில எப்படிடா வெட்டுன?" என்று கேட்டார். கட்டரை எடுத்து ஒரு துண்டு வெட்டிக் காட்டினேன். அம்மா அந்தத் துண்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது ஊரில் துளசி மாடத்துக்கு முன்னால் அகல் வைக்க அதைத்தான் போட்டிருக்கிறார்.

பெங்களூரில் வேறு எதையும் நான் காட்டவில்லை. ஐயா சொன்னதுதான் எனக்கும். உங்கள் ஆபீஸ் வாசலையாவது காட்டுங்கள் அக்கா.

ஓய்வாசிரியர்:
தம்பி போளூரான், நீ எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உன் அப்பாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்.

தனிவழி:
போளூரான் அண்ணா, இதற்கு மேல் நான் லீவு போடு என்று சொன்னால் நன்றாக இருக்காது. ஆனாலும் ஒரு வேண்டுகோள். தோழிக்கு ஷிப்ட் மதியம் ரெண்டு மணிக்குத்தானே, காலை முழுக்கக் கையில் இருக்கிறது. ஜனவரி கடைசியில் லால்பாக்கில் குடியரசு தின மலர்க் கண்காட்சி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் மிதிபடுவீர்கள். வேலை நாளில் காலையிலேயே போய்விட்டு வந்துவிடலாம். மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் லால்பாக் என்றே ஸ்டேஷன் இருக்கிறது. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம். 1889-இல் கட்டிய கண்ணாடி மாளிகைக்குள்தான் பூ அலங்காரமெல்லாம். அங்கே இருக்கிற பாறைக்கு முந்நூறு கோடி வருஷ வயசு என்கிறார்கள், அப்பாவை அதன் மேல் ஏற்றிக் காட்டுங்கள்.

வடிவு:
ஒரு நாள் மட்டும் போங்கள். பன்னிரண்டு மணிக்கு வந்து, ஒரு மணிக்குப் படுத்து, தினமும் ஆறு மணிக்கு எழுந்தால் ரெண்டாவது வாரம் நீங்களே படுத்துவிடுவீர்கள். மகள் தூங்குவதைப் பார்ப்பதும் அவர்களுக்கு நிம்மதிதான்.

சேலத்து அக்கா:
ரயில் டிக்கெட் எடுக்கும்போது அவர்கள் ரெண்டு பேரை மட்டும் ஒரே டிக்கெட்டில் போடு. 60 தாண்டிய ஆணுக்கும் 45 தாண்டிய பெண்ணுக்கும் கீழ் பெர்த்துக்கு என்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. கூட வயசு குறைந்த ஒருத்தரைச் சேர்த்தால் அது வராது. மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றதுதான், இன்னும் திரும்பி வரவில்லை. இப்போது 60 நாளைக்கு முன்னாலிருந்துதான் முன்பதிவு, பொங்கல் கூட்டம் வேறு. தேதி திறந்த அன்றைக்கே எடுத்துவிடு.

கரிசல்பூ:
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மைசூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று, ரெண்டும் கீழ் பெர்த். வந்து சேரும் நாளுக்கு மட்டும் லீவு எழுதிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். தனிவழி சொல்லாவிட்டால் அதைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

ஆபீஸுக்குள் வெளியாட்களை விடுவது கஷ்டம். ஆனால் முன்கூட்டியே பதிந்தால் கீழே கேன்டீன் வரை கூட்டிப்போகலாம் என்று சொன்னார்கள். ஒரு நாள் எட்டு மணிச் சாப்பாட்டுக்கு அங்கேயே வரச் சொல்லிவிட்டேன். போனில் இதைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அங்க ஒரு தோசை என்ன விலைம்மா?"

இன்னும் ஒரு சந்தேகம். அப்பா கடையிலிருந்து ஒரு சிப்பம் அரிசி, எண்ணெய் டின், சாத்தூர் சேவு, கடலை மிட்டாய் என்று கட்ட ஆரம்பித்துவிட்டார். இதை எல்லாம் மெட்ரோவில் ஏற்ற விடுவார்களா? இங்கே எல்லாம் கிடைக்கும், வேண்டாம் என்று சொல்லிவிடவா?

ஹலசூர்வாசி:
வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அம்மா. கடைக்காரர் மகள் வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டா வருவார்? மெட்ரோவில் பையை ஸ்கேனரில் போடச் சொல்வார்கள், பெரிய மூட்டைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். எண்ணெய் டின்னைக் கண்டால் அங்கேயே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். காலை எட்டரைக்கு மேல் மெஜஸ்டிக்கில் மூட்டையோடு ஏறவும் முடியாது. ரயில்வே ஸ்டேஷன் வாசலிலேயே ப்ரீபெய்டு ஆட்டோ கவுன்டர் இருக்கிறது, அங்கே சீட்டு வாங்கி நேராக வீட்டுக்குப் போய்விடுங்கள். மெட்ரோவை மறுநாள் கையை வீசிக்கொண்டு போய்ப் பார்க்கட்டும். அரிசியைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், எண்ணெய் டின்னை மட்டும் அப்பா மடியில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வழியில் டின் ஃபேக்டரி என்கிற இடத்தின் பக்கம் சாலை மேடு பள்ளம்.